ஒழுகும் கியர் பாக்ஸும் ஏற்காட்டு மலைப்பாதையும்

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,515 மீட்டரில். இடையே சுமார் 30 கிலோமீட்டர் சாலை, 20 கொண்டை ஊசி வளைவுகள். இன்றைய கார்களுக்கு இந்த ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை. 1960களின் கார் ஒன்றை ஆசையாகப் பராமரித்து வைத்திருப்பவருக்கு மட்டும், சேர்வராயன் மலை ஏறி வண்டியை நிறுத்தியதும் ஒரு வேலை பாக்கி இருக்கும். குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும். தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா, விழுந்திருந்தால் எங்கிருந்து?

பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது கியர் பாக்ஸின் ஆயில் சீல். எஃகு வளையத்தின் மேல் வார்த்த ஒரு ரப்பர்த் துண்டு, அதைச் சுற்றி மெல்லிய ஒரு சுருள்வில். விலை அற்பம். கழற்றி மாட்டும் உழைப்புதான் அதிகம். மாற்றிய சில மாதத்திலேயே மறுபடி ஒழுகினால், ‘டூப்ளிகேட் சீல் கொடுத்துவிட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டுவது வழக்கம். சீல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், திட்ட வேண்டிய ஆள் வேறு எங்கோ இருக்கிறார் என்பது புரியும்.

மதராசில் செய்த ஹெரால்ட்

இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்ட் என்ற சிறிய கார் அறிமுகமானது. உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. அதே காரின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, மேலே தாழ்வான இரண்டு இருக்கை உடலைப் பொருத்தி, 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். 1980 வரை உற்பத்தியில் இருந்த ஸ்பிட்ஃபயர், இன்று உலகெங்கும் வீட்டு ஷெட்டுகளில் பிரித்துப் போடப்பட்டிருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் முக்கியமான ஒன்று.

இந்தக் குடும்பத்தின் இந்தியக் கிளை நம் ஊரில்தான் வளர்ந்தது. வண்டலூர் அருகே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்ட்’ என்ற பெயரில் இதைத் தயாரித்தது. 948 சிசி எஞ்சின், நான்கு கியர், முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் விழும். சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களில் ஃபியட்டுக்கும் அம்பாசடருக்கும் நடுவே ஹெரால்டும் ஓடியது. ஆகவே ஸ்பிட்ஃபயரை நேரில் பார்த்திராத தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்கும் அதன் கியர் பாக்ஸின் நெருங்கிய உறவினரை நன்றாகவே தெரியும்.

மலைப்பாதைக்கென்றே அளவெடுத்ததுபோல் ஒரு குணம் ஹெரால்டுக்கு உண்டு. 25 அடி, அதாவது 7.6 மீட்டர் விட்டத்துக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். ஏற்காட்டின் எந்த வளைவிலும் ரிவர்ஸ் எடுக்க வேண்டிய அவசியம் வராது. வீட்டிலேயே வேலை பார்ப்பவருக்கு இன்னும் இரண்டு வசதிகள். முன்பக்க உடல் முழுவதும் ஒரே பானட்டாக முன்னோக்கிச் சாயும். கியர் பாக்ஸை வண்டிக்கு அடியில் படுத்து இறக்கத் தேவையில்லை; முன் இருக்கைகளையும் நடுவே உள்ள மேடையையும் கழற்றினால், காருக்குள்ளேயே உட்கார்ந்து வெளியே எடுத்துவிடலாம்.

அந்தக் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் எண்ணெய் எவ்வளவு? ஒன்றரை பைன்ட், அதாவது 0.85 லிட்டர். எஞ்சினில் போல இதற்கு டிப் ஸ்டிக் கிடையாது. குறைந்தால் எச்சரிக்கும் விளக்கும் கிடையாது. ஒரு டம்ளர் எண்ணெய் வெளியேறினால் கால்பங்கு போனதாகக் கணக்கு. மேல் வரிசைப் பல்சக்கரங்களும் பியரிங்குகளும், கீழ் வரிசைச் சக்கரங்கள் வாரி இறைக்கும் எண்ணெயில்தான் நனைகின்றன. மட்டம் இறங்கினால் வாரி இறைக்க ஒன்றும் இருக்காது.

அடைப்பதில்லை, திருப்பி அனுப்புகிறது

ஆயில் சீல் ஒரு தக்கை மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அப்படி உண்மையிலேயே இறுக்கி அடைத்தால் அரை மணி நேரத்தில் ரப்பர் கருகிப்போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சீல் உட்காரும் இடத்தில் தண்டின் தடிமன் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால், ரப்பரின் விளிம்புக்கடியில் எஃகு நொடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் உரசிக்கொண்டு ஓடும். கார் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் கியர் பாக்ஸின் பின்தண்டு ஏறக்குறைய 2,400 முறை சுற்றிவிடும். அதாவது அந்த விளிம்பு 225 மீட்டர் உரசியிருக்கும். 50,000 கிலோமீட்டர் ஓடிய காரில், சில கிராம் எடையுள்ள ரப்பர் விளிம்பு 11,000 கிலோமீட்டருக்கு மேல் எஃகின்மீது தேய்ந்திருக்கிறது. உலர்ந்த ரப்பரால் இது ஆகிற காரியமே இல்லை.

விடை, அந்த விளிம்புக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம். மெக்கானிக்குகள் ‘லிப்’ என்று சொல்லும் அந்த விளிம்பு தண்டைத் தொடும் பட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோதான். படலத்தின் தடிமன் ஒரு மைக்ரான் அளவில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் ஜேகர் என்ற ஆய்வாளர் 1957-ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் படலத்தை உறுதிப்படுத்தியது. நன்றாக வேலை செய்யும் சீலின் லிப் தண்டை நேரடியாகத் தொடுவதில்லை, எண்ணெய்மீதுதான் மிதக்கிறது.

உடனே அடுத்த கேள்வி எழும். எண்ணெய் அங்கே வரை வந்துவிட்டதே, ஏன் வெளியே வழியவில்லை? இதற்குப் பதில் கிடைக்கப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. கண்ணாடியால் செய்த உள்ளீடற்ற தண்டைச் சுழலவிட்டு, உள்ளிருந்து நுண்ணோக்கி வழியே லிப்பைப் பார்த்தபோது விஷயம் தெளிந்தது. புதுச் சீல் சிறிது நேரம் ஓடித் தேய்ந்ததும், ரப்பரின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உருவாகின்றன. தண்டு சுழலும்போது அவற்றைத் தன் போக்கில் இழுக்கிறது. இழுபடும் அளவு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. ஏனென்றால் லிப்பின் இரு பக்கங்களும் சமமானவை அல்ல. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தான சரிவு, 45 டிகிரியை ஒட்டி. காற்றுப் பக்கம் படுத்த சரிவு, 25 டிகிரியை ஒட்டி. சுருள்வில்லும் காற்றுப் பக்கமாகச் சற்றே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதனால் அழுத்தம் எண்ணெய்ப் பக்க ஓரத்தில் கூடுதல், காற்றுப் பக்கம் போகப்போகக் குறைவு. இந்தச் சாய்வால் மேடுபள்ளங்கள் வளைந்து, சுழலும் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கமே தள்ளிவிடுகின்றன. ஆக, சீல் என்பது ஒரு பம்ப். காற்றுப் பக்கம் எட்டிப் பார்க்கும் எண்ணெயை இடைவிடாமல் உள்ளே திருப்பி அனுப்பும் பம்ப்.

இதை நிரூபிக்கும் சோதனை எளிது. சீலைத் திருப்பி மாட்டி, அதன் காற்றுப் பக்கம் எண்ணெயைப் பார்க்கும்படி வைத்தால், அது எண்ணெயை வெளியே இறைக்கும். சீலைத் தவறான பக்கம் பார்த்து அடித்துவிட்டவருக்கு ஒழுக்கு ஏன் முன்னைவிட மோசமாகிறது என்பதற்கும் இதுதான் காரணம். வில் தெரியும் முகம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும் என்ற பட்டறை விதிக்குப் பின்னால் இவ்வளவு இயற்பியல் இருக்கிறது.

தோலிலிருந்து நைட்ரைலுக்கு

ரப்பர் சீல் வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? தோலை வெட்டி வளையமாக்கி வைத்தார்கள்; கயிற்றில் கிரீஸ் ஊற்றித் திணித்தார்கள். அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. தண்டின்மேல் திருகுமரை மாதிரி ஒரு காடி வெட்டியிருக்கும். தண்டு சுழலும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே திருகித் தள்ளும். தேய்மானமே இல்லாத ஏற்பாடுதான். ஆனால் தண்டு சுழன்றால்தான் வேலை செய்யும். ஏற்காட்டுச் சரிவில் மூக்கு கீழே பார்க்க வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டலுக்குள் போனால், எண்ணெய் மரை வழியே நிதானமாக இறங்கி கிளட்ச் கூண்டுக்குள் போய்ச் சேரும்.

ஜெர்மனியின் வெய்ன்ஹைம் நகரில் தோல் பதனிடும் தொழில் நடத்திவந்த ஃபிராய்டன்பெர்க் நிறுவனம், 1930களில் தோல் சீலை எஃகு வளையத்துக்குள் அடக்கி விற்றது. அதே பத்தாண்டுக்குள் தோலை விட்டுச் செயற்கை ரப்பருக்கு மாறியது. அந்தச் சீலை வடிவமைத்த வால்ட்டர் சிம்மரின் பெயரால் ஜெர்மானியர் இன்றும் ஆயில் சீலை ‘சிம்மரிங்’ என்கிறார்கள்.

இயற்கை ரப்பரைப் பயன்படுத்தினால் என்ன? அது எண்ணெயில் ஊறிக் கொழகொழத்துப்போகும். ரப்பரும் தாது எண்ணெயும் இரண்டுமே ஹைட்ரோகார்பன்கள். ஒன்றுக்குள் ஒன்று எளிதாகக் கலந்துவிடும். 1930களில் ஜெர்மன் வேதியியலாளர்கள் பியூட்டாடையீனோடு அக்ரிலோநைட்ரைலைச் சேர்த்து நைட்ரைல் ரப்பரை உருவாக்கினார்கள். அக்ரிலோநைட்ரைலில் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அப்படிச் சாயாத எண்ணெய் மூலக்கூறுகளை அது உள்ளே விடுவதில்லை. இன்றும் கடையில் கேட்டால் எடுத்துத் தரும் கறுப்புச் சீல் நைட்ரைல்தான்.

நைட்ரைலின் எதிரி வெப்பம். தொடர்ந்து 100 டிகிரி செல்சியஸ் வரை அது தாங்கும். எண்ணெயின் வெப்பத்தைவிட லிப் இருக்கும் இடம் உராய்வால் இன்னும் 20, 30 டிகிரி கூடுதலாகச் சுடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சூட்டில் ரப்பரின் சங்கிலிகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உருவாகி அது இறுகிப்போகிறது. வீட்டில் குக்கர் கேஸ்கட் நாளாக நாளாக விறைத்து, மூடி ஓரமாக ஆவி கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கியர் எண்ணெயில் பல்சக்கரங்களைக் காக்கச் சேர்க்கும் கந்தகச் சேர்மங்களும் இந்த இறுக்கத்தை வேகப்படுத்துகின்றன. அதிக வெப்பத்துக்கென்று புளூரோ ரப்பர் இருக்கிறது. ‘வைட்டான்’ என்ற வணிகப் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். பழுப்பு நிறத்தில் வரும் அந்தச் சீல் 200 டிகிரி வரை தாங்கும். ஹெரால்டின் கியர் பாக்ஸுக்கு நல்ல நைட்ரைலே போதும்.

மலை செய்யும் வேலை

சமவெளியில் ஒழுகாத கார் ஏற்காட்டில் ஏன் ஒழுகுகிறது? மலை மூன்று விதமாகச் சீலைச் சோதிக்கிறது.

முதலாவது, சாய்வு. ஏறும்போது எண்ணெய் பின்னால் சேரும், இறங்கும்போது முன்னால். கியர் பாக்ஸின் உள்நீளம் 40 சென்டிமீட்டர், சாலையின் ஏற்றம் 12-க்கு 1 என்று கொண்டால், முன்னுக்கும் பின்னுக்கும் எண்ணெய் மட்டத்தில் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். மட்டத் தரையில் சும்மா இருந்த பின்பக்கச் சீல், ஏறும் நேரம் முழுக்க எண்ணெயில் நனைந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, சூடு. இரண்டாவது கியரிலேயே நெடுநேரம் இழுக்கும்போது பல்சக்கரங்கள் எண்ணெயைச் சூடேற்றுகின்றன. 60 டிகிரி கூடினால் எண்ணெய் சுமார் 4 சதவீதம் விரியும், 0.85 லிட்டரில் அது 35 மில்லி.

மூன்றாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது காற்றழுத்தம். சேலத்தில் வளியழுத்தம் ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல். ஏற்காட்டில் 84-ஐ ஒட்டி. மேலே போய்ச் சேர்வதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் 14 சதவீதம் குறைந்துவிடுகிறது. கியர் பாக்ஸுக்குள் அடைபட்ட காற்றோ சேலத்துக் காற்று. அதுவும் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாகியிருந்தால் அதன் அழுத்தம் 117 கிலோபாஸ்கல் ஆகும். உள்ளே 117, வெளியே 84. வித்தியாசம் 33 கிலோபாஸ்கல், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 340 கிராம் எடை வைத்து அழுத்துவதற்குச் சமம். சாதாரண ஆயில் சீல்கள் 20 முதல் 50 கிலோபாஸ்கல் வரைதான் தாங்கும். வேகம் கூடக்கூட அந்த வரம்பு கீழே இறங்கும். இந்த அழுத்தம் லிப்பைத் தண்டோடு அழுத்தி, படலத்தைப் பிழிந்து, ரப்பரை உலர வைக்கிறது. திருப்பி அனுப்பும் பம்ப் திணறுகிறது.

இப்படி நேராமல் இருக்கத்தான் கியர் பாக்ஸின் மேல்பக்கத்தில் ‘பிரீதர்’ என்ற சிறு மூச்சுத்துளை வைக்கிறார்கள். பழைய காரில் அதுதான் முதலில் அடைபடும். எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் சேர்ந்து கெட்டியாகிவிடும். சில சமயம் முந்தைய உரிமையாளர் பெயின்ட் அடிக்கும்போது மூடியிருப்பார். துளை அடைபட்ட வண்டி சமவெளியில் ஓரளவு சமாளிக்கும், மலையில் மாட்டிக்கொள்ளும். ராத்திரி ஏற்காட்டுக் குளிரில் எண்ணெய் ஆறும்போது எதிர்த்திசையில் இழுபறி நடக்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்து, மூடுபனியின் ஈரத்தையும் தூசியையும் அதே லிப் வழியாக உள்ளே உறிஞ்சும். ஒரு கம்பியால் ஐந்து நிமிடத்தில் சுத்தம் செய்திருக்கக்கூடிய துளைக்காக, முழு கியர் பாக்ஸையும் இறக்கியவர்கள் உண்டு.

எந்த இடத்து ஒழுக்கு?

சீலை வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒழுக்கு எங்கே என்று உறுதிசெய்ய வேண்டும். ஓடும் காரின் அடியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கி அடித்துச் செல்வதால், நனைந்திருக்கும் இடம் ஒழுகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு அடிப்பாகத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, சற்று தூரம் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் கூண்டின் அடியில் சொட்டினால் இரண்டு பேர்மேல் சந்தேகம் வரும்: எஞ்சினின் பின் சீல், கியர் பாக்ஸின் முன் சீல். மூக்கே இங்கே நல்ல கருவி. எஞ்சின் ஆயில் கறுப்பாக, கருகிய வாடையோடு இருக்கும். கியர் ஆயில் பிசுபிசுப்பாக, வெளிர் பழுப்பாக, கந்தக நெடியோடு இருக்கும். விரலில் தேய்த்து மோந்தாலே தெரிந்துவிடும். வெளுத்துப்போய் நுரைத்த கியர் ஆயில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, பிரீதரைப் பாருங்கள்.

முன் சீல் ஒழுகினால் தள்ளிப்போடக் கூடாது. அந்த எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் தெறிக்கும். எண்ணெய் ஊறிய பிளேட் ஏற்றத்தில் நழுவும். வளைவில் நின்று மறுபடி கிளம்பும்போது வண்டி உதறும். பின்னால் பேருந்து நெருங்கி நிற்கும்போது இது விளையாட்டில்லை. ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மாட்டுவது பலர் செய்வதுதான். சூடேறியதும் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும். பிளேட்டை மாற்றுவதே வழி.

வீட்டில் செய்யும்போது

ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் வகையில் பின் சீலை மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. மட்டமான சிமென்ட் தரை, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்பு ஸ்டாண்டுகள் ஆகியவை கட்டாயம். மலைவீடுகளின் சாய்ந்த வாசலில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

சற்று ஓட்டி எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது டிரெயின் பிளக்கைக் கழற்றி வடியவிடுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் கியர் பாக்ஸும் சேரும் இரண்டு விளிம்புகளிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதே நிலையில் திரும்ப மாட்டினால்தான் அதிர்வு வராது. நான்கு போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை ஓரமாகக் கட்டிவையுங்கள். நடுவே உள்ள பெரிய நட்டைக் கழற்றினால், தண்டின் முனையில் இருக்கும் விளிம்புத் துண்டை (ஃபிளாஞ்ச்) புல்லர் வைத்து வெளியே இழுக்கலாம். பழைய சீல் இப்போது கண்ணெதிரே இருக்கும்.

இந்த நிலையில் அவசரம் வேண்டாம். விளிம்புத் துண்டைத் திரும்பச் சொருகி, மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பின் பியரிங் தேய்ந்திருக்கிறது. தண்டு நடனமாடினால் எந்தச் சீலாலும் அதைப் பின்தொடர முடியாது. பியரிங்கை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றுவது பணத்துக்குக் கேடு.

சீலைத் திருப்புளியால் நெம்பினால் அது உட்காரும் அலுமினியச் சுவரில் கீறல் விழும். அந்தக் கீறலே புது ஒழுக்குக்கு வழி. சீலின் எஃகு முகத்தில் சிறு துளையிட்டு, அதில் ஒரு திருகாணியை முடுக்கி, குறடால் பிடித்து இழுப்பது நல்ல முறை. டிரில் பிட்டின் நுனியில் கிரீஸ் தடவிக்கொண்டால் இரும்புத்தூள் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ளும்.

புதுச் சீலின் அளவு அதன் முகத்திலேயே பொறித்திருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களின் தண்டுகள் அங்குல அளவில் செய்தவை. ஒன்றேகால் அங்குலம் என்றால் 31.75 மில்லிமீட்டர். அதற்கு 32 மில்லிமீட்டர் சீலைக் கொடுத்து ‘கால் மில்லிதானே, உட்கார்ந்துவிடும்’ என்பார்கள். உட்காரத்தான் செய்யும். ஆனால் லிப்பின் இறுக்கமே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கணக்கு. அதில் கால்பங்கைத் தொடக்கத்திலேயே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். வாங்கும்போது வெர்னியரைக் கையோடு கொண்டுபோங்கள்.

மாட்டும் முன் லிப்பில் கியர் ஆயில் தடவுங்கள். முதல் சில நொடி உலர ஓடினாலே லிப் கருகும். வில் இருக்கும் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ் அப்பிவிட்டால், தட்டும் அதிர்ச்சியில் வில் எகிறிவிடாது. சீலின் வெளிவிளிம்புக்கு ஒத்த அளவில் ஒரு குழாய்த் துண்டை வைத்து, மரச்சுத்தியால் சுற்றிலும் சீராகத் தட்டி இறக்குங்கள். கோணலாக உட்கார்ந்தால் சுழலும் எண்ணெய் ஒரு பக்கமாக வழிதேடும். முன் சீல் போடும்போது தண்டின் பற்களின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டால் புது லிப் கிழியாது.

கடைசியில் எண்ணெய். பக்கவாட்டுத் துளையின் விளிம்பு வரை, வண்டி மட்டமாக நிற்கும்போது ஊற்ற வேண்டும். ‘மலை ஏறுகிறோமே, கொஞ்சம் சேர்த்து ஊற்றுவோம்’ என்பது சீலுக்கு நாமே கூட்டும் சுமை. பழைய கியர் பாக்ஸில் பித்தளை வகை சிங்க்ரோ வளையங்கள் இருப்பதால், ஜிஎல்-4 தர எண்ணெயே பொருத்தம். ஜிஎல்-5-ல் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மங்கள் சூட்டில் அந்த உலோகத்தை அரிக்கக்கூடும்.

குற்றவாளி பெரும்பாலும் தண்டு

கழற்றிய விளிம்புத் துண்டைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். லிப் உட்கார்ந்த இடத்தில் பளபளப்பான ஒரு வளையம் தெரியும். அதன் குறுக்கே விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டாவிட்டால் நல்லது. தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது.

மிருதுவான ரப்பர் எஃகை எப்படிக் குடைகிறது? குடைவது ரப்பர் அல்ல. புழுதியில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள் லிப்பில் புதைந்துகொள்கின்றன. குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினம். அவை வெட்டுவாய்களாகி, மேலே சொன்ன ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உரசலில் தண்டைச் செதுக்குகின்றன. வேகமாகச் சுழலும் தண்டில் சீல் ஓடும் இடத்தைக் கடினப்படுத்த வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்பது இதனால்தான்.

பள்ளம் இருந்தால் மூன்று வழி. இடம் இருந்தால் புதுச் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, லிப் பழுதில்லாத எஃகில் ஓடும்படி செய்யலாம். தண்டின்மேல் கால் மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனுள்ள எஃகு உறையை ஏற்றலாம். இதற்கென்றே ஆயத்த உறைகள் விற்கின்றன. மூன்றாவது, உலோகம் நிரப்பி லேத்தில் கடைந்து மறுபடி அளவுக்குக் கொண்டுவருவது.

இந்த மூன்றாவதில்தான் கவனம் தேவை. லேத்தில் உளி நகர்ந்துகொண்டே கடைவதால், எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் தண்டின்மேல் நுண்ணிய திருகுமரை ஒன்று விழும். கண்ணுக்குக் கண்ணாடிபோல் பளபளக்கும். மைக்ரான் அளவில் அது மரைதான். அந்த மரையின் போக்கு தண்டு சுழலும் திசைக்கு எதிராக அமைந்தால், அது எண்ணெயை வெளியே திருகித் தள்ளும். சீலின் பம்ப் உள்ளே தள்ள, மரை வெளியே தள்ள, மரைதான் பெரும்பாலும் ஜெயிக்கும். லேத்தில் சுழலும் தண்டின்மேல் எம்ரித் தாளை இடவலமாக ஓட்டி மெருகேற்றுவதும் இதே மரையைத்தான் போடுகிறது. சேலத்தில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வேலை கொடுக்கும்போது ‘சீல் ஓடும் இடம், கடைசி மெருகைக் கிரைண்டிங் சக்கரத்தை நகர்த்தாமல் நேராக வைத்துக் கொடுங்கள்’ என்று சொன்னால் அனுபவமுள்ள டர்னருக்குப் புரியும். பள்ளமில்லாத தண்டில் லேசான துரு மட்டும் இருந்தால், நுண்ணிய எம்ரித் தாளைப் பட்டையாகக் கிழித்து, சுற்றுப்போக்கிலேயே கையால் தேய்த்தால் போதும். நீளவாக்கில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது.

மெருகு கூடுதலாகவும் இருக்கக் கூடாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சொரசொரப்பு சராசரியாக 0.2 முதல் 0.8 மைக்ரானுக்குள் இருப்பது உகந்தது. அதைவிட வழுவழுப்பானால் படலத்தைப் பிடித்துவைக்க எஃகில் இடமில்லாமல் லிப் உலர்ந்துவிடும். அதைவிடக் கரடானால் லிப் அறுபடும்.

ஆக, ஒழுகும் கியர் பாக்ஸை வைத்திருப்பவர் பார்க்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் பிரீதர், அடுத்து எண்ணெய் மட்டம், பிறகு பியரிங்கின் ஆட்டம், பிறகு தண்டின் முகம், கடைசியாகச் சீல். பட்டறைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. அதனால்தான் புதுச் சீல் போட்ட வண்டிகள் திரும்ப வருகின்றன.

இன்னொன்று. வடித்த பழைய எண்ணெயை மலைவீட்டுத் தோட்டத்திலோ ஓடையிலோ ஊற்றிவிடாதீர்கள். சேர்வராயன் சரிவில் விழும் ஒவ்வொரு சொட்டும் ஊற்றுகளையும் கிணறுகளையும் நோக்கித்தான் இறங்கும். பழைய டப்பாவில் மூடி எடுத்துவந்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். இந்தியச் சட்டப்படி அது அபாயகரக் கழிவு.